மடைக்கு மேற்கே

மூன்றாவது குழியைப் பார்த்த பிறகுதான் அருஞ்சுனைக்குச் சந்தேகம் தட்டியது.

சங்கையாவின் புஞ்சையில், வன்னிமரத்துக்கு வடக்கே, ஆள் இறங்குகிற அளவுக்கு வெட்டியிருந்தார்கள். பெரிய முதுமக்கள் தாழி ஒன்று உடைந்து கிடந்தது. அதிலிருந்த எலும்புத் துண்டுகளைக் கரிசல் மண்ணோடு சேர்த்து வாரி வெளியே வீசியிருந்தார்கள். அருஞ்சுனை சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு, வன்னிமரத்தடியிலிருந்து குழி வரைக்கும் நடந்தார். சரியாக நாற்பது தப்படி.

அந்த நாற்பதை அவர்தான் எழுதி வைத்திருந்தார். வேறு யாருக்கும் தெரியாது. சங்கையாவுக்கே தெரியாது.

அருஞ்சுனை தபால்காரர். பரளச்சியிலிருந்து சுற்றுப்பட்டு ஏழு ஊருக்குப் பதினாறு வருஷமாகச் சைக்கிளில் போய் வருகிறவர். உழுத காட்டிலும் ஓடை அரித்த கரையிலும் கண்ணில் படுகிற சின்னச் சின்னச் சாமான்களை எடுத்து வருவது அவருடைய பழக்கம். பாசிமணி, சுட்டமண் வட்டு, உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானை ஓடு, சங்கு வளையல் துண்டு. ஆரம்பத்தில் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் கலந்து கிடந்தன. மதுரையில் ஒரு கல்லூரி வாத்தியாருக்கு ஓட்டுத்துண்டு ஒன்றை அனுப்பி, இது என்னவென்று கேட்டார். பொருளைவிட அது கிடந்த இடம் முக்கியம், இடம் தெரியாவிட்டால் அது வெறும் ஓடுதான் என்று வாத்தியார் பதில் கார்டு போட்டார். அன்றைக்கே அருஞ்சுனை ஒரு நோட்டு வாங்கினார். எண், தேதி, பொருள், கொடுத்தவர் பெயர், இடம். இந்த 1977 ஆவணியில் நோட்டில் ஐம்பத்தெட்டு எண்கள் இருந்தன.

அவர் பார்த்த மூன்று குழிகளும் அந்த நோட்டில் இருந்த இடங்கள்.

நோட்டு ஒரே ஒருமுறைதான் அவர் கையைவிட்டுப் போயிருந்தது. ஆனி மாதத்தில், பந்தல்குடியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் வெள்ளத்துரை அதைக் கேட்டு வாங்கினார். அருப்புக்கோட்டையில் டைப் அடித்து பைண்டு பண்ணித் தருவதாகச் சொன்னார். இத்தனை வருஷ உழைப்பு வீணாய்ப் போகக்கூடாது அண்ணாச்சி என்றார். அதுவரைக்கும் அந்த நோட்டை யாரும் உழைப்பு என்று சொன்னதில்லை. எட்டு நாள் கழித்து நோட்டு திரும்பி வந்தது, பழுப்பு அட்டை போட்டு. டைப் அடித்த காகிதம் வரவில்லை.

மறுநாள் மதியம் பந்தல்குடிக்குப் போனார். ரோட்டில் தூத்துக்குடி லாரிகள் நின்றிருந்தன. கடைக்குள் பித்தளைக் குடங்களுக்குப் பின்னால் இரண்டு ஆட்கள் சாக்கில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் சாத்தியிருந்த கடப்பாரையில் கரிசல் காய்ந்து வெடித்திருந்தது.

"வாங்க அண்ணாச்சி. கலர் சோடா குடிக்கிறீகளா?" என்றார் வெள்ளத்துரை.

"டைப் அடிச்சது என்னாச்சு?"

"மிஷின் ரிப்பேருன்னான். வரும்."

"மூணு எடத்துல குழி வெட்டியிருக்காக. மூணும் என் நோட்டுல இருக்கு."

வெள்ளத்துரை ஒரு செம்பை எடுத்துத் துணியால் துடைத்தார். "ஒங்க எழுத்து நல்ல எழுத்து அண்ணாச்சி. ஒரு தப்படி முன்னப் பின்ன இல்ல. பழஞ்சாமானுக்குத் தூத்துக்குடியில நல்ல வெல."

அருஞ்சுனை கடப்பாரையைப் பார்த்தார். பின்னாலிருந்த ஆட்களில் ஒருவன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போலீஸ்ல சொல்லணும்னா தாராளமாச் சொல்லுங்க" என்றார் வெள்ளத்துரை, குரலை உயர்த்தாமல். "மொதப் பக்கத்துல ஒங்க பேரு இருக்கு. எது எங்க கெடக்குன்னு எழுதி வச்ச ஆளு யாருன்னுதான் மொதல்ல கேப்பாக. சர்க்கார் உத்தியோகம் வேற. ரோசிச்சுக்கங்க."

அருஞ்சுனை கலரைக் குடிக்காமல் எழுந்து வந்தார். வழி நெடுக, நாளைக்குத் திருச்சுழி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடலாம் என்று நினைத்தார். நாளை வந்தபோது தபால் பையை மாட்டிக்கொண்டு வழக்கமான பாதையில் போனார். அதற்கு மறுநாளும் அப்படியே.

நாலாவது குழி நரிக்குடிப் பக்கம். ஐந்தாவது, ஒரு அய்யனார் கோயிலுக்குப் பின்னால். அங்கே சாமியாடி ஒருவர், இதை வெட்டினவன் வீட்டில் விளக்கு எரியாது என்று மண்ணை வாரித் தூற்றியதாக ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். அருஞ்சுனை அந்த ஊரில் கடிதங்களைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் கிளம்பினார். தினமும் காலையில் புறப்படுமுன் நோட்டைப் புரட்டி, அடுத்தது எந்த இடமாக இருக்கும் என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

"பரீச்சைக்குப் படிக்கிற மாதிரி இதைப் போயித் தெனமும் என்னத்துக்குப் படிக்கிறீக?" என்று அவர் மனைவி பொன்னுத்தாய் கேட்டாள்.

"சும்மாதான்."

"மூஞ்சி சும்மா இருக்கிற மூஞ்சியா இல்லையே."

முப்பத்தொன்றாம் எண்ணைப் பார்த்த காலையில் அவர் விரல் அங்கேயே நின்றுவிட்டது. ஆவாரங்குளம் கண்மாய்க்கரை. ஆடு மேய்க்கிற கருத்தம்மாள் ஒரு கைப்பிடி சிவப்பு மணி பொறுக்கிக் கொடுத்த இடம். எண்ணைப் பார்த்ததுமே இடம் கண்முன் வந்துவிட்டது. மேற்கொண்டு வாசிக்காமல் நோட்டை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். புஞ்சையில் வெட்டினால் ஒரு குழி. கண்மாய்க்கரையில் வெட்டினால் ஊரே போகும்.

மடைக்குக் கிழக்கே, கரையின் வெளிச்சரிவில் இறங்கிப் பார்த்தார். புல் கலையாமல் இருந்தது. ஒரு குச்சிகூடக் குத்தியிருக்கவில்லை. அப்படியே உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். கரை என்றால் அவன்களும் பயப்படத்தான் செய்வான்கள் என்று நினைத்துக்கொண்டார். மடைக்கு மேற்கே யாரோ வேலிக்கருவை முள்ளை வெட்டிக் குவித்திருந்தார்கள். அடுப்புக்குப் போட்டிருப்பார்கள் போல.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று வருஷமாக வெடித்துக் கிடந்த கண்மாயில் தண்ணீர் ஏற ஏற, ஆவாரங்குளத்து ஜனங்கள் குடும்பத்தோடு கரையேறி வேடிக்கை பார்த்தார்கள். ஊரில் நிறைய நிலம் வைத்திருந்த பெரிய சம்சாரியான காளிராஜ், இந்த வருஷம் நெல்லு போடலாம் என்று நாற்றங்காலுக்கு ஆள் விட்டிருந்தார். வானம் விடவில்லை. மூன்று நாள் இரவு பகலாகக் கொட்டியது.

நாலாம் நாள் காலை தூறலில் அருஞ்சுனை தபாலோடு வந்தபோது, கருத்தம்மாள் சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு வழியில் நின்றாள். கரைக்குக் கீழே, மடைக்கு மேற்கே இருந்தது அவள் ஆட்டுக்கிடை.

"அண்ணே, எங்க கெடைப் பக்கம் தண்ணி கசியுது. ஊத்துக்கண்ணு மாதிரி."

"பழைய கரை. கசியத்தான் செய்யும்."

"கலங்கலா வருதுண்ணே. மண்ணைக் கொண்டுக்கிட்டு வருது."

அருஞ்சுனை ஒரு கால் தரையிலும் ஒரு கால் பெடலிலுமாக நின்றார். பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்துச் சட்டையால் தூறலுக்கு மறைத்தபடி முப்பத்தொன்றைப் பிரித்தார். கண்மாய்க்கரை, வெளிச்சரிவு, மடைக்கு மேற்கே இருபது தப்படி.

"அந்தச் சிவப்பு மணியை எங்க பொறுக்குன, கருத்தம்மா?"

"கெழக்கால. நீங்களும்தான் வந்து பாத்தீகளே."

அவர் கையெழுத்துத்தான். நல்ல எழுத்து. ஏதோ ஒரு வெயிலில், ஏதோ ஒரு அவசரத்தில், கிழக்கே என்பதை மேற்கே என்று எழுதியிருந்தார்.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். முள் குவியலைக் கையாலேயே இழுத்தார். உள்ளங்கை கிழிந்தது. பின்னால், கரையின் வயிற்றுக்குள் ஆள் குனிந்து போகிற அளவுக்குக் குடைந்திருந்தார்கள். அங்கே எதுவும் இருந்திருக்காது. எதுவும் கிடைக்காததால்தான் விடாமல் உள்ளே உள்ளே போயிருக்கிறார்கள். குகையின் அடியில் செந்தண்ணீர் நுரைத்து வந்துகொண்டிருந்தது.

அரைமணி நேரத்தில் ஊரே கரையில் நின்றது. வைக்கோல் பிரி, மண் நிரப்பின சாக்கு, வீட்டுக் கதவு, கிடைத்ததையெல்லாம் திணித்தார்கள்.

"எவன்லே வெட்டுனது?" என்று காளிராஜ் இரைந்தார்.

"பந்தல்குடி வெள்ளத்துரை ஆளுக" என்றார் அருஞ்சுனை. தோளில் மூட்டை இருந்தது. "என் நோட்டைப் பாத்து வெட்டியிருக்காக."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு மாசமாத் தெரியும்."

காளிராஜ் அவரைப் பார்த்தார். முகத்தில் மழை வழிந்தது. அடிப்பார் என்றுதான் அருஞ்சுனை நினைத்தார்.

"மூட்டையைப் போடு" என்றார் காளிராஜ். "அடுத்ததைத் தூக்கு."

பதினோரு மணிவாக்கில் காலடியில் கரை லேசாக நடுங்கியது. யாரோ விலகுங்கடா என்றார்கள். சத்தம்கூடப் பெரிதாக இல்லை. ஈர மண் சரிகிற சத்தம்தான். பிறகு தண்ணீர் எழுந்து வந்தது. கருத்தம்மாள் பாதி ஆடுகளைத்தான் அவிழ்த்து விட்டிருந்தாள். மீதியைக் கிடையோடு சேர்த்துக் கொண்டுபோயிற்று. அவளை இரண்டு பேர் இழுத்துப் பிடித்திருந்தார்கள். ஆள் சேதம் இல்லை. சாயங்காலத்துக்குள் மூன்று வருஷம் காத்திருந்த தண்ணீர் முழுக்க ஓடை வழியாகக் குண்டாற்றுக்குப் போய்விட்டது. கண்மாயில் சேறும் துள்ளுகிற குஞ்சு மீன்களும் மிஞ்சின. மழையும் அன்றோடு நின்றுவிட்டது.

மறுநாள் அருஞ்சுனை தானாகவே திருச்சுழிக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். நோட்டையும் கொடுத்தார். பந்தல்குடியில் பாத்திரக்கடை பூட்டிக் கிடந்தது. வெள்ளத்துரை எந்த ஊருக்குப் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. விசாரணை தை வரைக்கும் நடந்தது. அருஞ்சுனைக்கு வேலை போகவில்லை. ஆனால் ஆவாரங்குளத்தில் அவர் மணியடித்தால், பிள்ளைகளை விட்டுக் கடிதத்தை வாங்கிக்கொண்டு பெரியவர்கள் உள்ளேயே இருந்தார்கள். அந்த வருஷம் அந்த ஊரில் யாரும் நெல் அறுக்கவில்லை. ஏழெட்டு வீடுகள் பூட்டிவிட்டுத் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டன.

மாசியில் உடைப்பை அடைக்கும் வேலை தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அருஞ்சுனை போய் மண் சுமந்தார். யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மடைக்குக் கிழக்கே உயரமாக இருந்த மேட்டைச் சீவித்தான் மண் எடுத்தார்கள். கருத்தம்மாள் மண்ணை வெட்டிக் கூடையில் போட, பெண்கள் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

ஒரு நாள் அவள் மண்வெட்டியை நிறுத்தினாள். அருஞ்சுனையின் கூடையில் அவள் அப்போதுதான் போட்ட மண்ணில் ஏழெட்டுச் சிவப்பு மணிகள் கிடந்தன. ஒன்று மட்டும் மண் உதிர்ந்து பளபளவென்றிருந்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

அருஞ்சுனை குனிந்து கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். உடைப்பு வரைக்கும் நடந்து போய், மற்றவர்கள் கொட்டிய மண்ணோடு சேர்த்துக் கொட்டினார். மண்ணை இறுக்கத் திம்சுக் கட்டையால் அடித்துக்கொண்டிருந்தவர்கள் அதன்மேல் ஏறி அடித்தார்கள். அவர் வெறும் கூடையோடு திரும்பி வந்து வரிசையில் நின்றார்.