பின்சீட்

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தபோது, "மஹ்ஜி, கேக்குதா?" என்று காதுக்குள் ஒரு குரல் வந்தது. மஹ்ஜபீன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை. அவள் கணவர் பர்வேஸ் தெருக்கோடியில், மோட்டார்சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று கையாட்டினார். அவர் தலையிலும் ஹெல்மெட் இருந்தது.

"கேக்குது மச்சான்," என்று உரக்கச் சொன்னாள்.

"கத்தாத. பக்கத்துல இருக்குற மாதிரி பேசு."

மகன் இக்ராம் அன்று காலைதான் இரண்டு ஹெல்மெட்டுகளிலும் இண்டர்காமைப் பொருத்திக் கொடுத்திருந்தான். பக்கத்தில் இருக்கிற மாதிரி எப்படிப் பேசுவதென்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை. அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷமாகிறது. கிள்ளான் ரயில் நிலையத்துக்கு அருகிலிருக்கும் அவர்களுடைய சாப்பாட்டுக் கடையில், பர்வேஸ் முன்னால் கல்லாவிலும் அவள் பின்னால் அடுப்படியிலுமாகவே அத்தனை வருஷமும் போயிருந்தது. நடுவில் ஒரு சுவரும், தட்டு கொடுக்க ஒரு சின்னச் சன்னலும். அந்தச் சன்னல் வழியாக வந்த பேச்செல்லாம் சேர்த்தால் ரெண்டு கோழி, ஒரு மீன் தலை, ஐஸ் தீந்துபோச்சு, அரிசி வந்துடுச்சா என்பதற்கு மேல் போகாது. வீட்டுக்கு வந்தால் இருவருக்கும் கால் வலிக்கும். அவர் டிவி முன்னால் சாய்ந்தபடியே தூங்கிவிடுவார். கெட்ட மனிதரில்லை. அவளிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. குரலே அவ்வளவாக வராது என்பதுதான் விஷயம்.

பிரிக்பீல்ட்ஸில் மோட்டார்சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் விஜயன் வருஷா வருஷம் ஒரு சவாரி நடத்தினார். கிள்ளானில் புறப்பட்டு வடக்கே ஏறி, மலைத்தொடரைக் கடந்து, கிழக்குக் கடலோரமாகவே இறங்கி, ஜொகூர் போய்த் திரும்பி வர வேண்டும். ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் முடித்தால் ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். பர்வேஸ் ஐம்பத்துமூன்றாவது வயதில் ஒரு பழைய ஐநூறு சிசி வண்டியை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தியபோது கடைக்கு வருகிறவர்கள் சிரித்தார்கள். அடுத்த வருஷம் அந்தச் சவாரிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னபோது இக்ராம் சிரிக்கவில்லை.

"அத்தா, உங்களுக்குச் சுகர் இருக்கு. ராத்திரி முழுக்க ஓட்டணும். ஹைவேல கண்ணு சொக்கிடுச்சுன்னா யாரு பாக்கறது?"

சன்னலுக்கு இந்தப் பக்கம் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த மஹ்ஜபீன் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"நான் பின்னால உக்காந்து பேசிக்கிட்டே வரேன்."

அவள் ஏதோ வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்து இக்ராம் சிரித்தான். பர்வேஸ் குனிந்து சன்னல் வழியாக அவளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

விஜயனுக்கு ஆட்சேபணை இல்லை. "பின்னால உக்கார்றவங்களுக்கும் சர்ட்டிபிகேட் உண்டுக்கா. ஆனா நீங்க தூங்கக் கூடாது லா. நீங்க தூங்கினா அண்ணனும் தூங்கிடுவாரு," என்றார்.

பழக்கத்துக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு, கடையை இக்ராமிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். முதல் வாரம் மோரிப் வரைக்கும். "குழி", "வளைவு", "புடிச்சுக்க" என்று மட்டுமே பர்வேஸ் பேசினார். அவள் "ம்" போட்டாள். இரண்டாவது வாரம் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளைத் தாண்டும்போது கொள்கலன் லோரிகள் வரிசையாக எதிரே வந்தன. அவற்றின் காற்று வண்டியை ஆட்டியது.

"எனக்கு லோரி ஓட்டணும்னுதான் ஆசை," என்றார் அவர் திடீரென்று. "ஸ்கூல் முடிச்சதும் எங்கத்தாகிட்ட சொன்னேன். போர்ட் கிள்ளான்ல ஆள் எடுக்குறாங்க, போறேன்னேன். அவரு ஒன்னுமே சொல்லல. மறுநாள் காலைல என்னைக் கல்லால உக்கார வச்சிட்டு அவரு எழுந்து போய்ட்டாரு."

"என்கிட்ட சொன்னதே இல்லயே."

"நீ கேட்டதே இல்லயே."

அது குறையாகச் சொன்னது போலில்லை. முகம் தெரியாததால், என்ன மாதிரி சொன்னார் என்பதைக் குரலைக் கொண்டுதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவர் குரலில் அடியில் ஒரு கரகரப்பு இருப்பதையும், சிரிக்கப் போகும்போது மூச்சு ஒருமுறை நின்று வருவதையும் அவள் அப்போதுதான் கேட்டாள். அடுத்தடுத்த வாரங்களில் சபாக் பெர்ணம், மலாக்கா என்று தூரம் கூடக்கூட அவர் பேச்சும் கூடியது. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியது, ஒருமுறை கடையில் திருடியவனைப் பிடித்துப் பிறகு சோறு போட்டு அனுப்பியது, அவளைப் பெண் பார்க்க வந்த அன்று அவள் கொண்டுவந்த டீயில் சீனியே இல்லை என்பது. "அதையும் இவ்வளவு நாள் சொல்லல," என்றாள். "நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டேனே, அப்பறம் எப்படி மாத்தறது?" என்றார். அவள் ஹெல்மெட்டுக்குள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவர் காதுக்குள் கேட்டிருக்கும் என்று தோன்றியபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் வீட்டு வாசலில் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியதும் அவர் பழையபடி ஆகிவிடுவார். "கோழிய எடுத்து வெளில வச்சியா?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போவார். திங்கட்கிழமை சன்னல் வழியாக வரும் குரல் ஞாயிற்றுக்கிழமைக் குரலாக இருக்காது. கறியைக் கிளறிக்கொண்டே அவள் அடுத்த ஞாயிறுக்குக் காத்திருந்தாள். நாற்பத்தொன்பது வயதில் கட்டின புருஷனுக்காக ஏங்கிக்கொண்டிருக்கிறோம், அவரும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்கையில் அவளுக்கே விநோதமாக இருந்தது. யாரிடமும் சொல்லக்கூடிய விஷயமில்லை அது. ஒருநாளைக்கு ஆறு மணி நேரம் பேசுகிறாரென்றால், இருபத்துநான்கு மணி நேரத்தில் எவ்வளவு பேசுவார் என்று மட்டும் அடிக்கடி நினைத்துக்கொண்டாள்.

சவாரி நாளன்று விடியலில் கிள்ளானில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் முப்பது வண்டிகள் வரை கூடியிருந்தன. பின்சீட்டில் ஏறிய ஒரே பெண் அவள்தான். விஜயன் ஒவ்வொருவரிடமும் பெட்ரோல் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். நேரமும் ஊரும் அதில்தான் பதிந்திருக்கும். வடக்கு நெடுஞ்சாலையில் ஏறியதும் கூட்டம் கலைந்து அவரவர் வேகத்தில் பிரிந்தார்கள். ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளில் வெயில் விழும்போது இருவரும் நல்ல மனநிலையில் இருந்தார்கள். கிரிக்கில் பெட்ரோல் போட்டு, நின்றபடியே ஆளுக்கு ஒரு பன் தின்றார்கள். அதற்குமேல் மலைப்பாதை. யானைகள் குறுக்கே வரும் என்று மஞ்சள் பலகைகள் சொல்லின. இரண்டு பக்கமும் காடு. மேகம் இறங்கிச் சாலையிலேயே படுத்திருந்தது.

"நீ என்ன ஆகணும்னு நெனச்ச, மஹ்ஜி?" என்று பர்வேஸ் கேட்டார். "என் கதையே ஓடிக்கிட்டிருக்கு. உன்னுத சொல்லு."

அவளிடம் அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. டீச்சர், நர்ஸ் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அப்படியெல்லாம் அவள் நினைத்ததில்லை. இரண்டு மூன்று வளைவுகள் போயின. முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால்தான் அவளால் சொல்ல முடிந்தது.

"தனியா இருக்கணும்னு நெனச்சேன். ஒரு ரூம். ஒரு வருஷம். யாருக்கும் சமைக்காம, யாரும் கூப்பிடாம. எங்க வீட்டுல ஒம்பது பேரு. கல்யாணம் பண்ணி இங்க வந்தா ஏழு பேரு. நடுவுல ஒரு வருஷம் கெடச்சா போதும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

காதுக்குள் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. அவர் முதுகு அசையவில்லை. ஏரிக்கு மேலிருந்த நீளமான பாலத்தைக் கடந்தார்கள். தண்ணீருக்குள் பட்டுப்போன மரங்கள் நின்றுகொண்டிருந்தன. சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவள் நினைத்தாள். வேறு ஏதாவது சொல்லி அதை மூடிவிட வாய்வரை வந்தது. மலை இறங்கி ஜெலி வந்து, வீடுகளும் ரப்பர் மரங்களும் தெரிந்தபோதுதான் அவர் கேட்டார்.

"இப்பவுமா?"

"இப்ப இல்ல," என்றாள்.

சொன்னபோது அது உண்மையாகவே இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் முழு உண்மையாக இல்லாதது போலவும் பட்டது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஓரமாக நிறுத்தி மழைச் சட்டைகளை மாட்டிக்கொண்டார்கள். அவள் சட்டையின் கழுத்துப் பொத்தான் மாட்டாமல் நின்றது. அவரே மாட்டிவிட்டார், கண்ணைப் பார்க்காமல்.

கோத்தா பாருவுக்குப் பிறகு பேச்சு குறைந்துபோனது. அவர் யோசனையில் இருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு கவனித்தாள், நேரான சாலை வரும்போதெல்லாம் வலது கையை எடுத்து உதறினார். "என்ன மச்சான்?" என்றால் "ஒன்னுமில்ல, மரத்துப்போச்சு" என்பார். கோலா திரங்கானுவில் ஒரு சிவப்பு விளக்கில் அவர் பிரேக் பிடிக்கத் தாமதமாகி, முன்னாலிருந்த வேனின் பின்கதவுக்கு ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது. இரண்டு பேருடைய மூச்சும் இரண்டு ஹெல்மெட்டுகளுக்குள்ளும் கேட்டுக்கொண்டிருந்தது.

டுங்குன் பக்கம் வரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. இடதுபுறம் தென்னைகளுக்கு நடுவே கடல் தெரிந்தது. வண்டி மெதுவாகி, மணல் விளிம்பில் ஒதுங்கி நின்றது.

"முடியல, மஹ்ஜி."

"கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போலாமே."

அவர் கையை நீட்டினார். கையுறையை அவள்தான் உருவினாள். விரல்கள் வீங்கி வெளுத்திருந்தன. மடக்கச் சொன்னாள். பாதிக்கு மேல் மடங்கவில்லை. அந்தக் கையால்தான் மலையிலிருந்து இவ்வளவு தூரம் பிரேக் பிடித்திருக்கிறார். அவள் பயந்திருக்க வேண்டும். பயந்தாள்தான். ஆனால் அந்தப் பயத்துக்கும் முன்னால், இன்னும் எண்ணூறு கிலோமீட்டர் இருக்கிறதே என்றுதான் அவள் மனம் பதறியது. குவாந்தான், மெர்சிங், ஜொகூர். ராத்திரி முழுக்க இருந்தது. ராத்திரி முழுக்க அவர் பேசியிருப்பார். தனக்கு வண்டி ஓட்டத் தெரிந்திருந்தால் இவரைப் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோயிருப்போமே என்று நினைத்து, பிறகு அவருடைய வீங்கிய விரல்களைப் பார்த்து வெட்கப்பட்டாள்.

விஜயனுக்கு அவளே போன் செய்தாள்.

"நாங்க நிறுத்திட்டோம் தம்பி. அவருக்குக் கை முடியல."

"நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்கல்ல? அப்ப சரி. பாதி வந்துட்டீங்கக்கா, அதுவே பெருசு. அடுத்த வருஷம் பாக்கலாம் லா."

கடற்கரைச் சாலையில் ஒரு சின்ன விடுதியில் அறை கிடைத்தது. வெந்நீர் கேட்டு வாங்கி, அவர் கையை அதில் வைத்து அழுத்திவிட்டாள். கட்டிலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள், முழங்கால் இடிக்கும்படி. இவ்வளவு பக்கத்தில், விளக்கு வெளிச்சத்தில், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன பேசுவதென்று தெரியவில்லை.

"கடையில இக்ராம் என்ன பண்றானோ," என்றாள்.

"ம்."

"வலிக்குதா?"

"இல்ல." தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த மலையில சொன்னியே..." என்று தொடங்கினார்.

அவள் கை நின்றது. "சொல்லுங்க."

அவருக்கு மூச்சு ஒருமுறை நின்று வந்தது. சிரிக்கப் போகிறார் என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை.

"ஒன்னுமில்ல. நீ படு. அசதியா இருப்ப."

காலையில் சுபுஹு தொழுதுவிட்டு அவர் மறுபடி படுத்துக்கொண்டார். மஹ்ஜபீனுக்குத் தூக்கம் வரவில்லை. உடம்பு இன்னும் வண்டியில் இருப்பது போல அதிர்ந்துகொண்டிருந்தது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, செருப்பை மாட்டி, கதவை ஓசையில்லாமல் சாத்திவிட்டு வெளியே வந்தாள். சாலைக்கு அந்தப் பக்கம் மணல். சவுக்கு மரங்களுக்குக் கீழே ஒரு மலாய்க்காரப் பெண் மேசை போட்டு நாசி டாகாங் சோறு விற்றுக்கொண்டிருந்தாள். நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆட்கள் இன்னும் வரவில்லை.

"சோராங் ஜெ, காக்?" என்று கேட்டாள் அந்தப் பெண். ஒருத்தர்தானா அக்கா என்று.

"சோராங்," என்றாள் மஹ்ஜபீன்.

ஒரு தட்டுச் சோறும் தேத்தண்ணியும் வாங்கிக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்தாள். யாரோ சமைத்த சோறு, யாரோ போட்ட தேத்தண்ணி. சூரியன் ஒரு முழம் ஏறியிருந்தது. படகு ஒன்று கரைக்கு வந்துகொண்டிருந்தது, வந்துகொண்டே இருந்தது. கிளாஸின் சூடு உள்ளங்கையில் மெதுவாகப் பரவியது. சாலையில் நின்ற வண்டியின் கண்ணாடியில் வெயில் பட்டு ஒரு சின்ன வெளிச்சம் மணலில் கிடந்தது.

பாதி குடித்திருக்கும்போது விடுதிக் கதவு திறந்தது. பர்வேஸ் கைலியோடு, வெறுங்காலில் வெளியே வந்தார். வண்டியைப் பார்த்தார். சாலையின் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். அவர் வாய் அசைந்தது. தன் பெயரைத்தான் கூப்பிடுகிறார் என்று தெரிந்தது. அலைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தெருவில் நின்று அவர் அவளைப் பெயர் சொல்லி உரக்கக் கூப்பிட்டு அவள் பார்த்ததில்லை.

ஒரு கையைத் தூக்கினால் போதும், பார்த்துவிடுவார்.

அவர் சாலையில் இறங்கினார். மணல் ஏற்றிய லோரி ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு வந்தது, பின்வாங்கி நின்றார். அது கடந்து புழுதி அடங்கியதும் மறுபடி தெரிந்தார், வலது கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, இடது கையைக் கண்ணுக்கு மேல் வைத்து, அவள் இல்லாத பக்கமாகக் கடற்கரையின் நீளத்தையெல்லாம் பார்த்தபடி. மறுபடி கூப்பிட்டார். மஹ்ஜபீன் கிளாஸை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அந்த வாய் தன் பெயரைச் சொல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.