போனை முதலில் வைக்காதவள்

துணி துவைக்கும் இயந்திரம் வாங்கியவர்களின் வயிற்றெரிச்சலைக் கேட்டுக்கொள்வதுதான் அந்த மூன்றாம் மாடியின் பிழைப்பு. புகார்ப் பிரிவு என்று பெயர். அங்கே இருந்தவர்களில் குரலே உயராதவள் அவள்தான். அதனால் எல்லாரும் அவளைத் தேன்குரல் என்றே கூப்பிட்டார்கள். எதிர்முனையில் வாய்க்கு வந்தபடி திட்டினாலும், "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்பாள். பிரிவில் மீறவே கூடாத சட்டம் ஒன்று உண்டு: போனை நாம் முதலில் வைக்கக் கூடாது. அழைத்தவர் வைக்கும்வரை, "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அது அவளுக்கு ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. அக்காவோடு பேசினால்கூட அக்காதான் வைக்க வேண்டும். அக்கா லேசில் வைக்கிற ஆளா?

அந்த அக்காவுக்குத்தான் இன்று பித்தப்பையில் கல் எடுக்கிறார்கள். பெரிய ஆபரேஷன் ஒன்றுமில்லை. ஆனால் தெருவையே வாயால் அடக்குகிற அக்கா, ஊசியைக் கண்டால் குழந்தையாகிவிடுவாள். "மயக்க மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி உன் மூஞ்சியப் பார்த்தாகணும். இல்லன்னா எழுந்து வீட்டுக்கு வந்துடுவேன்" என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அக்காவுக்குத் தங்கை, தங்கைக்கு அக்கா. வேறு யாரும் கிடையாது.

மேலாளர் முன்னால் போய் நின்றாள்.

"சார், மதியமே கிளம்பணும். அக்காவுக்கு ஆபரேஷன். டாக்டர் காலையிலதான் நேரம் சொன்னாரு."

"இன்னைக்காம்மா? ஊழியர் நல்வாழ்வு வகுப்பு இருக்கே! தலைமை அலுவலகத்துக்கு போட்டோ போகணும். ஒரு நாற்காலி காலியா இருந்தாலும் என்னைத்தான் பிடிப்பாங்க."

"எனக்கு மனசே சரியில்ல சார்."

"அதுக்குத்தானேம்மா வகுப்பே!"

மனிதர் கெட்டவரில்லை. அதே ஹெட்போனை மாட்டிக்கொண்டு வருடக்கணக்காக வசவு வாங்கி மேலே வந்தவர்தான். வரும்போது காதை மட்டும் கீழேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

மதியம், கூட்ட அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். எல்லாருடைய போனும் ஒரு கூடைக்குள் போனது. காற்றுக்குக்கூட வலிக்காத குரலில் பயிற்சியாளர் சொன்னார்: "கண்ணை மூடிக்கோங்க. மணி அடிக்கும். அப்ப உங்க மனசுல என்ன வருதுன்னு கவனிங்க."

மணி கிணுகிணுத்தது. கண்ணை மூடியபடியே மொத்த வட்டமும் ஒரே குரலில் சொன்னது: "வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?" அதில் மேலாளர் குரல்தான் ஓங்கி ஒலித்தது. பயிற்சியாளர் மணியையும் வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தேன்குரலுக்குச் சிரிப்பு வரவில்லை. கூடைக்குள் ஒரு போன் உறுமிக்கொண்டிருந்தது. அக்காவாகத்தான் இருக்கும்.

அடுத்தது ஜோடிப் பயிற்சி. ஒருவர் மனதில் உள்ளதைச் சொல்ல வேண்டும், மற்றவர் கண்ணை மூடிக் கேட்க வேண்டும். தேன்குரலுக்கு ஜோடியாக மேலாளர் வாய்த்தார். மறுபடி மணி.

மேலாளரின் வாய் தானாகத் திறந்தது. "வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"

"ஒரு புகார் இருக்கு" என்றாள் தேன்குரல். இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவள் குரல் உயர்ந்தது. "ஊர்ல இருக்கிறவங்க கஷ்டத்தையெல்லாம் கேட்டுட்டேன். என் அக்கா அங்க பயந்து நடுங்கிட்டிருக்கா. நான் இங்க உக்காந்து மூச்சைக் கவனிச்சுட்டிருக்கேன். என் மூச்சு நல்லாத்தான் சார் இருக்கு. நான் அக்காகிட்ட போகணும்."

மேலாளர் கண்ணைத் திறக்கவில்லை.

"உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். "புகாரைப் பதிவு பண்ணிட்டேன்மா. உடனே கிளம்புங்க. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

பழக்க தோஷம், அவர் முதலில் வைக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்றார் மறுபடியும்.

அடடா, இந்த முறை அழைத்தவள் நான்தானே!

"வேண்டாம் சார். வெச்சுடறேன்." கூடையிலிருந்து போனை அள்ளிக்கொண்டு ஓடினாள். போட்டோவுக்கு அவள் நாற்காலியில் பயிற்சியாளரையே உட்காரவைத்துவிட்டார்களாம்.

ஆபரேஷன் அறை வாசலில் அக்காவை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்திருந்தார்கள். "போனை எடுக்காம எங்கடி போய்த் தொலைஞ்சே? வரமாட்டேன்னு நெனச்சுட்டேன்" என்று அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது. இவளுக்கும்தான்.

"நேரமாச்சு, கையை விடுங்கம்மா" என்றார் நர்ஸ், தேன்குரலைப் பார்த்து.

"அவ விடட்டும் சிஸ்டர். நான் முதல்ல விடக் கூடாது, எங்க ஆபீஸ் சட்டம்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கையை விட்டாள்.