டீசலில் உப்பு

கொரியாவின் சொக்சோ மீன்பிடித் துறையில் விடிவதற்கு முன்பே இயந்திரக்காரர் தொக்மான் மூன்றாவது முறையாக மண்டியிட்டு, படகின் டீசல் தொட்டிக்கு அடியிலிருந்த வடிகுழாயைத் திறந்தார். குளிரில் விரல்கள் மரத்துப் போயிருந்தன. காலி சோஜு சாராயப் பாட்டிலில் பிடித்து விளக்கருகே வைத்தார். டீசல் மேலே நின்றது; அடியில் மூன்று விரல் உயரத்துக்குத் தண்ணீர். போன பயணத்தில் இந்தத் தண்ணீர்தான் பாறைக்குப் பக்கத்தில் இயந்திரத்தை அணைத்தது. படகிலிருந்த ஏழு பேரும் மயிரிழையில் தப்பினார்கள்.

“வடிச்சுட்டுக் கெளம்புய்யா!” மேல்தளத்திலிருந்து முதலாளி மா சாங்கு கத்தினார். “கணவாய் மீனு உனக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்?”

“வடிக்க வடிக்க ஊறுது மொதலாளி. தொட்டியையே மாத்தணும்.”

“குளிர்ல தொட்டிக்குள்ள பனி பூக்கத்தான் செய்யும். இருவது வருஷமா என்னத்தக் கிழிச்சே?”

தொக்மானுக்குச் சுருக்கென்றது. இரண்டு வாரமாக அவரும் அதைப் பனித்தண்ணீர் என்றுதான் நம்பியிருந்தார். டீசலைச் சாய்த்து ஊற்றிவிட்டு, மிஞ்சியதில் விரல் நனைத்து நாக்கில் வைத்தார். கரித்தது.

பாட்டிலோடு மேலே ஏறினார். “நானும் ஏமாந்துட்டேன். இது கடல் தண்ணி. தொட்டி அடித்தகடு ஓட்டை. டீசல் குறையக் குறைய, படகு அடியில தேங்குனது உள்ள ஏறுது. நக்கிப் பாருங்க.”

முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். “தொட்டிய மாத்தத் தளத்தையே அறுக்கணும். பருவமே போயிடும். உங்க பங்கும்தான் போகும்.”

மீன் இல்லையென்றால் பங்கு இல்லை. ஏழு வீட்டிலும் உலை கொதிக்காது.

வியட்நாமிலிருந்து வந்த ஹுவான் முன்னால் வந்தான். வேலை போனால் ஊருக்கே மூட்டை கட்ட வேண்டியவன். விரலை நனைத்து நக்கினான், துப்பினான்.

“கரிக்குதுண்ணே. நான் வரல.”

“நாளைக்கே உன்னை விமானத்துல ஏத்துறேன் பாரு!”

வயதில் மூத்த போங்சு பாட்டிலை வாங்கி நக்கிப் பார்த்தார். “ஏத்துங்க மொதலாளி. எங்க ஆறு பேருக்கும் சேத்தே டிக்கெட் போடுங்க. நாங்களும் வியட்நாமைப் பாத்ததில்ல.”

ஏழு பேரும் கரையில் இறங்கி, கயிற்றுக் குவியல்மேல் உட்கார்ந்தார்கள். “நெஜமாவே அனுப்பிடுவாராண்ணே?” என்று ஹுவான் தொக்மானிடம் கேட்டான். அவருக்கும் பயமாகத்தான் இருந்தது.

முதலாளி பக்கத்துப் படகின் இயந்திரக்காரரைப் பார்த்துக் கூவினார். “பியோ! இயந்திரத்துக்கு நீ வா. ரெட்டைப் பங்கு தர்றேன்!”

பியோ தன் படகின் இயந்திரத்தை அணைத்தார். கையைத் துடைத்தபடி கரைக்குத் தாவினார்.

“எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். புதுத் தொட்டி வர்ற வரைக்கும் அந்தப் படகுல எவனும் ஏற மாட்டான். துறை முழுக்கச் சொல்லி வைக்கிறேன்.”

முதலாளி இன்னும் சரியென்று சொல்லவில்லை. பியோ எட்டாவது ஆளாக ஹுவானை ஒட்டி உட்கார்ந்தார்.