மூன்று நிமிடத்தில் கிறிஸ்துநாயகம்

புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த ஸ்காபரோவில் எந்த மண்டபத்தில் ஒலிவாங்கி நின்றாலும் அதற்குப் பின்னால் கிறிஸ்துநாயகமும் நிற்பார். பழைய மாணவர் சங்கத்தின் தலைவர், வேறு இரண்டு சங்கங்களின் போசகர், இன்னொன்றின் முன்னாள் தலைவர். அவரை முன்னாள் ஆக்கியவர்களோடு இன்றுவரை கதைப்பதில்லை. அப்பேர்ப்பட்டவர் அறுபது கடந்த வயதில் சனிக்கிழமைகளில் கொலிச்சுக்குப் போய் ஆங்கிலம் படித்ததற்குக் காரணம் மகள் அனோஜாவின் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் இத்தாலிக்காரர். வரவேற்பில் பெண்ணின் தகப்பன் ஆங்கிலத்தில் மூன்று நிமிடம் பேச வேண்டுமாம்.

“டீச்சர் ஓகே எண்டால் நீங்கள் பேசுங்கோ அப்பா,” என்று அனோஜா சொல்லியிருந்தாள். “இல்லாட்டி அம்மா பேசட்டும்.”

அம்மா வேரோனிக்கா கோப்பிக் கடையில் வேலை செய்தே ஆங்கிலம் பிடித்தவள்தான். ஆனாலும் இத்தனை வருடமும் அவர் மேடையில் நிற்க, முன்வரிசையில் அவருடைய குளிர்க் கோட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தவள். அவள் மேடை ஏறினால் கோட்டை யார் வைத்திருப்பது?

முதல் நாளிலிருந்தே வகுப்பு அவருக்குப் பிடிபடவில்லை. ஆசிரியை மேசைமேல் ஏறி இருந்துகொண்டு, தன்னை டெனீஸ் என்று கூப்பிடச் சொன்னாள். பெயர் சொல்லிக் கூப்பிட அவள் என்ன மச்சாளா? ‘மேடம் டெனீஸ்’ என்று ஒரு சமரசத்துக்கு வந்தார். யார் எதைப் பிழையாகச் சொன்னாலும் அவள் கைதட்டினாள். பிழைக்கே கைதட்டினால் சரிக்கு என்ன செய்வாள்? சோடி சோடியாக இருந்து கதைக்கச் சொன்னாள். கதைத்து முடிந்ததும் படிப்புத் தொடங்கும் என்று காத்திருந்தார். சில கிழமைகள் போனபிறகுதான் தெரிந்தது, அதுதான் படிப்பு.

ஒரு சனிக்கிழமை டெனீஸ் அவருடைய கலியாணப் பேச்சைப் பேசிக் காட்டச் சொல்லி, கைப்பேசியில் மூன்று நிமிடம் வைத்தாள்.

கிறிஸ்துநாயகம் எழுந்து கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். மதிப்புக்குரிய ஆசிரியை அவர்களே, இக்கல்லூரியின் மாண்புமிகு முதல்வர் அவர்களே என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். முதல்வர் அங்கே இல்லை. வராதவர்களையும் விளிப்பதுதான் மேடை மரபு. கொரியச் சகோதரியையும் ஆப்கான் சகோதரரையும் அவரவர் நாட்டின் பெருமையோடு விளித்தார். குப்பைக்கூடையை எடுக்க வந்தவரையும் விடவில்லை. ‘இத்தருணத்தில்’ என்பதற்கு ஆங்கிலம் தேடிக்கொண்டிருக்கையில் கைப்பேசி அலறியது.

எல்லோரும் கைதட்டினார்கள்.

“நல்ல ஆங்கிலம்,” என்றாள் டெனீஸ். “உங்கள் மகள் எங்கே?”

“வெளியில் காருக்குள்.”

“பேச்சில் எங்கே? அடுத்த முறை அவளைப் பற்றி ஒரு சின்ன விடயம் சொல்லுங்கள். போதும்.”

சின்ன விடயமா? மேடையில் அவர் ஒருநாளும் சின்ன விடயம் பேசியதில்லை. காரில் ஏறியதும் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

“பிள்ளை, உமக்கு என்ன விருப்பம்?”

அனோஜா றேடியோவை நிறுத்தினாள். “ஏன் அப்பா, டொக்டர் ஏதும் சொன்னவரோ?”

“சும்மாதான். டீச்சர் கேக்கிறா.”

“என்ர விருப்பம் டீச்சருக்கு ஏன்?”

“அதுதான் எனக்கும் விளங்கேல்லை. பேச்சிலை உம்மைப் பற்றி வரவேணுமாம்.”

“அது வராதே அப்பா.” அவள் காரைப் பின்னால் எடுத்தாள். “என்ர பதினாறாவது பேர்த்டேக்கு நாப்பது நிமிஷம் பேசினீங்கள். என்ர பேர் வரேல்லை.”

“வந்தது.”

“ஹோல்காரர்ட பேர் வந்தது.”

ஸ்காபரோ வந்து சேரும்வரை கிறிஸ்துநாயகம் யோசித்தார். மண்டப உரிமையாளரின் பெயர் பட்டத்தோடு நினைவுக்கு வந்தது. மற்றது வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை எழுந்து நின்றதும் ‘மதிப்புக்குரிய’ என்று வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டார். மரபுப்படி இந்த இடத்தில் யாராவது சோடா கொண்டுவந்து கொடுக்க வேண்டும். யாரும் வரவில்லை.

“என்னுடைய மகள் அனோஜா,” என்றார் ஆங்கிலத்தில். “சனிக்கிழமைகளில் என்னைக் கொண்டுவந்து விடுவாள். நான் திரும்பி வரும்வரை காருக்குள் சிப்ஸ் சாப்பிடுவாள். கலியாணத்துக்கு மெலிகிறாள் என்பதால் பையை இருக்கைக்குக் கீழே ஒளித்துவிடுவாள். கார் முழுக்க சிப்ஸின் வினாகிரிப் புளிப்பு மணக்கும். நான் ஒன்றும் கேட்பதில்லை. கலியாணத்துக்குப் பிறகு நான் பஸ்ஸில் வருவேன். நன்றி.”

யாரும் கைதட்டவில்லை. கொரியச் சகோதரி மூக்கை உறிஞ்சியபடி கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். கைப்பேசியில் பாதி நேரத்துக்கு மேல் கிடந்தது. மிச்ச நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. பொத்தானைக் கழற்றினார், திரும்பப் பூட்டினார். பிழைக்கெல்லாம் கைதட்டும் வகுப்பு இப்போது சும்மா இருக்கிறது என்றால், அவர் செய்தது பிழையைவிட மோசமாக இருக்க வேண்டும்.

டெனீஸ் மேசையை விட்டு இறங்கினாள். “ஓகே,” என்றாள், மெதுவாக.

காரில் வினாகிரி மணந்தது.

“டீச்சர் என்ன சொன்னவா?” என்று கேட்டாள் அனோஜா.

“ஓகே எண்டவா.” அவர் பெல்ற்றைப் போட்டார். “ஆனா பிள்ளை, நான் இன்னும் பேசவே தொடங்கேல்லையே.”