சின்னக்கருப்பன் வீட்டு நடுச்சுவர்

உயில் எழுதப் போவதாகச் சின்னக்கருப்பன் சொன்ன மறுநாள், பழங்காநத்தத்தில் அவர் வீட்டு நடுச்சுவர் அரையடி கிழக்கே நகர்ந்திருந்தது. கப்பலூரில் லேத் பட்டறை நடத்திச் சம்பாதித்துக் கட்டிய வீடு. சுவருக்குக் கிழக்கே மூத்த மகள் தமிழ்வாணியின் குடும்பம், மேற்கே இளையவள் தாமரைச்செல்வியின் குடும்பம். அது எந்த மாதம் என்பதில் சந்தேகம் உண்டு, நகர்ந்ததில் இல்லை. கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, சுவர் நேராகத்தான் இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

காரணம் தெருவுக்குச் சீக்கிரமே புரிந்தது. செல்வி வைத்த அயிரை மீன் குழம்பை அப்பா இரண்டாம் முறை கேட்டு வாங்கினால் தமிழ்வாணிக்கு வயிறு எரியும். காலையில் சுவர் அவள் பீரோவை உள்ளே தள்ளியிருக்கும். அவர் தமிழ்வாணியின் மகனோடு வண்டியில் டவுனுக்குப் போனால் சுவர் மேற்கே போகும். பொறாமைப்பட்டவர் பக்கம் குறையும். செல்விக்குப் பொறாமை எப்போதாவது வந்தது. தமிழ்வாணிக்குத் தினமும் வந்தது.

தமிழ்வாணியின் கணவர் ஒரு வக்கீலைக் கூட்டி வந்தார். "மச்சான் கூட்டியாந்த ஆளா? அப்ப உயிலும் மச்சான் கைலதேன்" என்றாள் செல்வி. அவள் வேறொருவரைக் கூட்டி வந்தாள். "ஒங்கூடப் படிச்ச பயலுக்கு நம்ம வீட்டு வெவகாரம் எதுக்குடி?" என்றாள் தமிழ்வாணி. கடைசியில் சின்னக்கருப்பன் தானே பஸ் ஏறி ஆரப்பாளையம் போய், இருவருக்கும் தெரியாத ஸ்ரீலக்ஷ்மி என்ற வக்கீலைப் பிடித்தார். ஆட்டோவில் பின்தொடர்ந்து வந்த மகள்களை அந்த அம்மாள் வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, "இப்ப சொல்லுங்கய்யா, உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டார்.

"சொவரு என்னைய விட நல்லா அளக்குதும்மா. நான் கண்ண மூடையில அது எங்கன நிக்குதோ அதேன் எல்லைன்னு எழுதிருங்க."

அந்தச் சுவரை அசையாச் சொத்தில் சேர்ப்பதா என்பது மட்டுமே வக்கீலின் சந்தேகம். சேர்த்தார். பங்கில்லாத இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட, உயில் பதிவாயிற்று.

விஷயம் தெரிந்ததும் தமிழ்வாணி பொறாமையை விடப் பார்த்தாள். செல்வியின் மகளுக்கு டாக்டர் சீட் கிடைத்ததற்குத் தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். சுவர் நம்பவில்லை. அவள் வீடு ஒற்றை அறையாகச் சுருங்கியபோது அப்பா படுக்கையில் விழுந்தார். தமிழ்வாணியின் அந்த ஒற்றை அறையிலேயே கட்டில் போடச் சொல்லி, இங்கேதான் படுப்பேன், கையை நீட்டினால் பிள்ளை மேல் படுகிறது என்றார். ஜன்னலில் நின்ற செல்வி, "எங்கிட்ட ஒரு வாய்க் கஞ்சி வாங்க மாட்டேங்கிறாரே" என்று அழுதாள். சுவர் மேற்கே திரும்பியது. ஹாலும் பூஜையறையும் தமிழ்வாணிக்கு வந்தன. செல்விக்கு அடுப்படி மிஞ்சியது.

ஒரு வியாழக்கிழமை காலை மூச்சு இழுத்தது. தலை தமிழ்வாணியின் மடியில் இருந்தது. அவர் கண் திறந்து, "செல்வி வந்துருச்சா?" என்றார்.

"நாந்தேன்ப்பா இருக்கேன்."

"செல்விய வரச் சொல்லு."

பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, சுவர் பூஜையறையையும் ஹாலையும் கடந்து வந்து கட்டிலில் முட்டி நின்றது. அதன் பிறகே அவர் மூச்சு நின்றது.

காரியம் முடிந்ததும் ஸ்ரீலக்ஷ்மி டேப் பிடித்து அளந்தார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. தமிழ்வாணியின் கணவரும் மகனும் வில்லாபுரத்துக்கு வாடகைக்குப் போனார்கள், அவள் போகவில்லை. கட்டிலளவு வீட்டுக்கு மாநகராட்சி தனிக் கதவு எண் கொடுத்திருக்கிறது. படுத்துக்கொண்டே, "என்னைய விட்டுட்டு ஒன்னைய எதுக்குடி கூப்புட்டாரு?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பாள். "தெரியலக்கா" என்று அந்தப் பக்கமிருந்து செல்வி சொல்வாள். சுவர் அசைவதில்லை. அதற்கு மேல் அங்கே இடமில்லை.