பிடிக்கு அடியில் இருந்த படம்

அப்பாவின் கைத்துப்பாக்கியை அடுத்தவன் கையில் கொடுக்க ஓர்வில் டாக்கெட்டுக்கு மனசு வரவில்லை. டவுனில் துப்பாக்கி பழுது பார்ப்பவன், "ஒரு வாரம் விட்டுட்டுப் போங்க பெரியவரே" என்றான்.

"எதுக்கு ஒரு வாரம்? உள்ள இருக்கறத எல்லாம் கழட்டி வித்துப்புட்டு, வெறுங்கூட்டக் குடுக்கவா?"

"பிடியில நாலு ஸ்க்ரூ துருப்பிடிச்சிருக்கு. அதுக்கு இவ்வளவு சந்தேகமா?"

"நாலு ஸ்க்ரூதான? நானே பாத்துக்கறேன்."

புது ஸ்க்ரூ நாலும், அவை இறங்கும் புஷ் என்ற சின்ன மரைக்குழல் நாலும் வாங்கிக்கொண்டு மலைமேல் இருந்த வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஸ்க்ரூவா பெரிசு, படம்தான் பெரிசு. போரில் நொறுங்கிக் கிடந்த விமானத்தின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கை அறுத்து அப்பா பிடியாக்கினார். வலது பிடிக்கு அடியில் அம்மாவின் படத்தை வைத்தார். அவர் படையில் பலரும் அப்படி வைத்திருந்தார்கள். போர் முடிந்து திரும்பி வந்த மறு வருஷம், தங்கச்சி வில்மாவைப் பெற்றுப்போட்டுவிட்டு அம்மா போய்விட்டாள். ஓர்விலுக்கு அப்போது அஞ்சு வயசு. அடக்கம் முடிந்து வந்ததும், வீட்டிலிருந்த மற்ற படங்களையெல்லாம் அப்பா அடுப்பில் போட்டார்.

பிளாஸ்டிக் மஞ்சளாகி, கீறல் விழுந்து எத்தனையோ காலம். வில்மா பார்த்ததெல்லாம் அதற்குப் பின்னால் ஒரு மங்கல்தான். கழற்றிக் காட்டு என்று கேட்காத வருஷமில்லை. "அப்பா மூடுனத நான் தொறக்க மாட்டேன்" என்பார் ஓர்வில். இப்போது அவள் முதியோர் இல்லத்தில் நாள் எண்ணிக்கொண்டு கிடக்கிறாள். துப்பாக்கியை அங்கே வாசலுக்குள்ளேயே விடமாட்டார்கள். படம்தான் வெளியே வரவேண்டும்.

குண்டுக்கூட்டை உருவினார். மேல்பாகத்தை இழுத்து உள்ளே குண்டு இல்லை என்று இரண்டு தடவை பார்த்தார். ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். அசையவில்லை. துரு இளக்கும் எண்ணெயை நாலு ஸ்க்ரூ தலையிலும் தாராளமாக விட்டுவிட்டு, பீன்ஸும் சோள ரொட்டியும் தின்னப் போனார்.

மத்தியானம் ஸ்க்ரூ சுழன்றது. கூடவே புஷ்ஷும் பிடுங்கிக்கொண்டு வந்தது. பிடியைத் தூக்கினார். எண்ணெய் அடியில் முழுக்கப் பரவி இருந்தது. முகம் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கூழாக வந்துவிட்டது. காகிதத்தில் மிஞ்சியது ஒரு சட்டைக் கழுத்துப்பட்டையும், மடியில் கோத்திருந்த இரண்டு கையும்.

காகிதத்தைத் துணியில் ஒற்றி மேசைமேல் காயவைத்தார். பிறகு கை சும்மா இருக்கமாட்டாமல் வேலையைத் தொட்டது. மரையைத் துடைத்தார். கோணலாக ஏறினால் இரும்பு மரையே போய்விடும் என்று, புது புஷ்களை முதலில் விரலாலேயே சுற்றி ஏற்றினார். பிடியை வைத்து நாலு ஸ்க்ரூவையும் முடுக்கினார். ஆடவில்லை, அசையவில்லை. சுத்தமான வேலை. யாருக்கு வேணும் இந்த வேலை?

மறுநாள் காகிதத்தை வில்மாவின் கையில் வைத்தார்.

"மூஞ்சி எங்கண்ணே?"

"போச்சு. எண்ணெ விட்டேன். நாந்தான் கெடுத்தேன்."

அவள் திட்டவில்லை. அந்தக் கைகளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"பரவால்ல. நீ பாத்திருக்கல்ல? சொல்லு, எப்பிடி இருப்பா?"

ஓர்வில் கண்ணை மூடிக்கொண்டார். அடுப்பு வந்தது. அப்பாவின் முதுகு வந்தது. வேறொன்றும் வரவில்லை.

"தெரியல வில்மா."

"மூக்காவது?"

"தெரியலங்கறேன்ல."

"பொய்யாவது சொல்லேண்ணே. எனக்கு இன்னும் எத்தன நாளு?"

ஊரில் உள்ளவனையெல்லாம் பொய்யன் என்று ஏசியவருக்கு ஒரு பொய் அகப்படவில்லை. கடைசியில் ஒன்று சொல்லிப் பார்த்தார்.

"ஒன்ன மாதிரிதான் இருந்தா."

வில்மா அவரையே பார்த்தாள். "எந்த என்னைய மாதிரி? இந்தக் கெழவி மாதிரியா? அவ செத்தப்ப இருவத்தஞ்சுகூட ஆவல. ஒரு பொய் சொல்லக்கூட ஒனக்குத் துப்பில்ல" என்றாள். சிரிக்கப் போனவளுக்கு இருமல் வந்தது.

இருமல் அடங்கியதும் காகிதத்தைத் தலையணைக்குக் கீழே செருகிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஓர்வில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.