அம்மனுக்கு வேர்க்கிறது

கோபுரத்து அம்மன் முகத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்ததை முதலில் பார்த்தவள் பூக்காரி ஜெயமணி. கொத்தனார் குழந்தைவேலு வருவதற்குள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

"ஆத்தாளுக்கு வேர்க்குது மிஸ்திரி. எல்லாம் உங்க கைராசி."

அண்ணாந்து பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது. உப்பு. மழை விட்டு வெயில் ஏறியதும் பூச்சுக்குள் இருந்தது வெளியே வந்திருக்கிறது.

ஜப்பான்காரன் காலத்தில் அந்த அம்மனுக்குத் தகரக் கொட்டகை. பிறகு பலகைச் சுவர். பிழைப்புக்காக இந்தத் தீவுக்குக் கப்பல் கப்பலாக வந்த சனம் சேர்ந்து இப்போதுதான் மூன்று நிலைக் கோபுரம் எழுப்பியிருந்தது. தீவில் ஆற்று மணலுக்கு எங்கே போவது? கடல் மணலை நல்ல தண்ணீரில் அலசி அலசித்தான் சாந்து குழைக்க வேண்டும். தூண், யாளி, துவாரபாலகர் எல்லாம் அப்படி அலசிய மணலில் வந்தவை. கும்பாபிஷேகம் நெருங்கியபோது குழாய் வறண்டுவிட்டது. எங்கிருந்தோ ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்த அவன் மனைவி இந்திராணி மணலை நாக்கில் வைத்துப் பார்த்து, "கரிக்குதுங்க, இன்னொரு தடவ அலசிருங்க" என்றாள்.

"முகந்தானே பாக்கி. ஒரு சட்டி சாந்து" என்று அப்படியே குழைத்தான் அவன்.

இப்போது யாரோ ஏணி வைத்து அந்த வெள்ளையைச் சுரண்டிக் கொண்டுவந்தார்கள். பெண்கள் கை நீட்டி வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்கள்.

"கரிக்குதே" என்றாள் ஒருத்தி.

"வேர்வை பின்ன இனிக்குமா?" என்றாள் ஜெயமணி.

இந்திராணியும் வாங்கி நாக்கில் வைத்தாள். புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று தெற்குக் கோடித் தீவில் கேம்பல் பேயில் குடியேறிய ஜம்புலிங்கம், ஊர் திரும்பும் கப்பலுக்காக ஃபீனிக்ஸ் பே துறையில் காத்துக் கிடந்தவர், மாலையோடு வந்து குழந்தைவேலுவின் கழுத்தில் போட்டார்.

"எங்க பக்கமும் கோயில் எழுப்புறோம் மிஸ்திரி. இதே கை, இதே மண்ணு. முகம் வேர்க்கணும், அவ்ளோதான். டீக் ஹை? சரிதானே?"

"மண்ண சரியா அலசாம..."

"அரே, தொழில் ரகசியத்த வெளிய சொல்லாதீங்க."

கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்தான். சிரித்த வாயை மூடத் தெரியாமல் நின்றான்.

பிறகு மாலையைக் கழற்றி ஏணிக்காலில் மாட்டினான். துண்டை நனைத்துக்கொண்டு ஏறினான். துடைத்துவிடத்தான் ஏறினான். கீழே குலவை எழுந்தது. நெற்றியைத் துடைத்தான், கன்னத்தைத் துடைத்தான். துண்டில் மஞ்சள் வந்தது. அப்புறம் கண்ணின் கறுப்பும் வந்தது.

துண்டு கனத்தது. பிழிய இடம் தேடிக் குனிந்தான். ஏணியைச் சுற்றிலும் ஏந்திய கைகள். இந்திராணி மட்டும் கையேந்தாமல், ஏணி நழுவாதபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்து நின்றாள்.